வாய்க்கால் போகிற வழி, பிணம் போகிற வழி

(தருமபுரி மாவட்டத்தில் நடந்த நில உரிமைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையிலிருந்து பஞ்சமி நிலம், கோயில் நிலம், பொறம்போக்கு என்று பெரிய விசயங்களைப் பேசிக்கிட்டிருக்கோம். எனக்குக் கொடுத்திருக்கிற விசயம் சின்னது. பழைய மண் வாய்க்காலை எடுத்துட்டு அந்த இடத்துல குழாய் பதிக்கணும்னா பணம் எங்கேயிருந்து வரும், யாருக்கு வரும் என்று சொல்லச் சொன்னாங்க. ‘இது ஏதோ வேளாண்மை ஆபீஸ் சமாச்சாரம், விடுதலை அரசியலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்’ என்று வர்ற வழியிலேயே ஒரு தம்பி கேட்டார். அவருக்குப் பதிலாகத்தான் இந்தப் பேச்சை வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. ஏரி மடையிலிருந்து புறப்பட்டு ஊர்க்காரர்களுடைய காட்டையெல்லாம் சுற்றிக்கொண்டு கடைசியில் எங்கள் காலனிக்காரர்களின் நிலத்துக்கு வருகிறது. ஆளுக்கு அரை ஏக்கர், முக்கால் ஏக்கர். ஏரி ரொம்பினால் மேலே இருக்கிறவர்களுக்கு நெல்லும் கரும்பும் மஞ்சளும். அவர்கள் மிச்சம் விட்டால் எங்களுக்கு ராகி. மிச்சம் இல்லையென்றால் பெங்களூர் பஸ், திருப்பூர் பஸ்.

கடைமடையில் நாம் இருப்பது தற்செயல் இல்லை தோழர்களே. தமிழ்நாட்டில் எந்த ஏரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மடைக்குப் பக்கத்தில் யாருடைய நிலம், வாய்க்கால் வற்றுகிற இடத்தில் யாருடைய நிலம் என்று பார்த்தால், பெரும்பாலும் சாதி எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில்தான் நிலமும் இருக்கும். ஆனால் அந்த வாய்க்காலில் வேலை செய்தது யார்? மடை திறந்தது, மடை அடைத்தது, ராத்திரியில் கரை உடைந்தால் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு ஓடியது, சேற்றில் இறங்கித் தூர் எடுத்தது எல்லாம் நம்ம பாட்டன். பல ஊர்களில் நீர்க்கட்டி வேலை சேரிக்காரனுடைய வேலை. தண்ணியைப் பங்கு போடுகிறவன் அவன். அவனுக்கு அந்தத் தண்ணியில் பங்கு இல்லை. களத்துமேட்டில் அளந்து போடுகிற தானியம்தான் கூலி.

இதற்குக் ‘குடிமராமத்து’ என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர் கூடி ஏரி காத்த பொற்காலம் என்று எழுதுகிறார்கள். 2017-ல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டமும் கொண்டுவந்தது. ஊர் கூடியது சரி, யார் கரையில் நின்றார், யார் சேற்றில் நின்றார் என்று யாரும் எழுதவில்லை. வெள்ளைக்காரன் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டான். ஏரி உடைப்பெடுத்தால் ஆள் வந்து வேலை செய்தாக வேண்டும், வழக்கமான மராமத்து வேலைக்கு வராவிட்டால் தண்டம். ஊர்க் கட்டுப்பாடு ஏற்கனவே செய்துகொண்டிருந்ததற்குச் சட்டம் முத்திரை குத்தியது. ஆகவே இந்த வாய்க்கால் போய்விட்டால் நமக்கு என்ன நட்டம் என்று நம்ம இளைஞர்கள் கேட்பது நியாயம்தான். நானும் அப்படித்தான் கேட்டேன்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், எங்கள் ஊரில் ‘வாய்க்காலை மூடிட்டுக் குழாய் போட்டுடலாம்’ என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. மேலே நிலம் வைத்திருக்கிறவர்கள் கிளப்பியது. காரணம் சொல்கிறார்கள். மண் வாய்க்காலில் தண்ணி பாதி வழியிலேயே உறிஞ்சப்படுகிறது. எலி வளை, நண்டு வளை, கோரைப்புல், வேலிக்கருவை. வெயிலில் ஆவியாகிறது. வருசா வருசம் தூர் வார ஆள் கிடைக்கவில்லை. இதெல்லாம் உண்மை. பொய்யில்லை.

குழாயில் நமக்கும் நன்மை உண்டு. மண் வாய்க்காலில் ராத்திரி ஒரு மம்முட்டி வெட்டு வெட்டினால் போதும், கடைமடைக்கு வரவேண்டிய தண்ணி வேறு காட்டுக்குப் போய்விடும். கேட்டால் ‘நண்டு வளைடா’ என்பார்கள். மூன்றடி ஆழத்தில் புதைத்த குழாயை ராத்திரி மம்முட்டியால் வெட்டித் திருப்ப முடியாது. அதனால் காலனி இளைஞர்கள் ‘குழாய் வரட்டும்’ என்றார்கள். நானும் கையைத் தூக்கினேன்.

அப்போது எங்கள் தெருவில் ஒரு ஆயா, எழுபது வயசுக்கு மேலே இருக்கும், ஒரே ஒரு கேள்வி கேட்டது. “ஏம்ப்பா, வாய்க்கால மூடிட்டா நாளைக்கு என் பொணத்த எது மேல தூக்கிகினு போவீங்க?”

யாருக்கும் பதில் வரவில்லை. எங்கள் சுடுகாட்டுக்கு வழி அந்த வாய்க்கால் கரைதான். வேறு பாதை கிடையாது. இரண்டு பக்கமும் பட்டா நிலம். வாய்க்கால் அரசு ஆவணத்தில் புறம்போக்கு. அது இருக்கிறவரைக்கும் கரையில் நடக்கிற நம்மை யாரும் சட்டப்படித் தடுக்க முடியாது. வாய்க்காலை மூடிவிட்டால் அடுத்த மழைக்குள் அந்த இடம் இரண்டு பக்கத்துக் காட்டிலும் கரைந்துவிடும். உழவு மாடு வேண்டாம், டிராக்டர் ஒரு சால் ஓட்டினால் கரை காணாமல் போய்விடும். அப்புறம் நடவு நட்ட கழனியில் பாடை தூக்கிக்கொண்டு போக முடியுமா? கேட்டால் கலவரம் என்பார்கள்.

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் நான் இந்த விசயத்தை உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஏரியிலிருந்தோ அணையிலிருந்தோ வருகிற பொது வாய்க்கால். இதில் கை வைக்கிற உரிமை தனி விவசாயிக்குக் கிடையாது. அரசுத் துறைதான் திட்டம் போட்டு, மதிப்பீடு போட்டு, பணம் ஒதுக்க வேண்டும். இரண்டாவது, சொந்தக் கிணற்றிலிருந்து சொந்த வயலுக்குப் போகிற வாய்க்கால். இதற்குக் குழாய் போடத் தனி விவசாயிக்கு மானியம் உண்டு. இரண்டையும் குழப்பி, ‘அரசாங்கம் பணம் தருது, கையெழுத்துப் போடுங்க’ என்று காலனிக்குள் வருகிறவர்களிடம், இது எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

தனி விவசாயிக்கு உள்ள மானியம் என்ன? சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிக்கு நூற்றுக்கு நூறு, மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. அதோடு சேர்ந்த துணைத் திட்டத்தில் கிணற்றிலிருந்து வயலுக்குக் குழாய் பதிக்க ஹெக்டேருக்கு 10,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். தாட்கோ மூலமாக நம்ம மக்களுக்கென்று தனியாக பி.வி.சி. குழாய் வாங்க 15,000 ரூபாய், மின் மோட்டார் வாங்க 10,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். வருசத்துக்கு வருசம் தொகையும் ஆள் எண்ணிக்கையும் மாறும். இந்த வருசம் இருக்கிறதா, எவ்வளவு என்று அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 10,000 என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000. அரை ஏக்கர் வைத்திருக்கிற நம்ம ஆளுக்கு 2,000. ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறவருக்கு 20,000. ஆனால் குழாய் எவ்வளவு நீளம் வேண்டும் என்பது நிலத்தின் அளவைப் பொறுத்ததா? இல்லையே. தண்ணி இருக்கிற இடத்துக்கும் நிலத்துக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. கிணற்றை ஒட்டி ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறவருக்குக் கொஞ்சம் குழாய் போதும். தள்ளி இருக்கிற அரை ஏக்கருக்கு 600 அடி வேண்டும். குறைந்த நிலம், அதிகத் தூரம், குறைந்த மானியம். இது யாரோ திட்டமிட்டுச் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. சாதி பார்க்காமல் போட்ட கணக்கு, அவ்வளவுதான். சாதி பார்க்காமல் கணக்குப் போட்டால் அது சாதிக்குத்தான் சாதகமாகப் போகும்.

தாட்கோ 15,000 கொஞ்சம் பரவாயில்லை. அது ஏக்கர் கணக்கு இல்லை, ஆள் கணக்கு. ஒரு குழாய்த் துண்டு 20 அடி. 600 அடிக்கு 30 துண்டு. துண்டு 500 ரூபாய்க்குள் கிடைத்தால் அந்தப் பணம் குழாய்க்கு மட்டும் காணும். பள்ளம் தோண்டுகிற கூலி, வளைவு, வால்வு, ஒட்டுகிற பசை எல்லாம் நம்ம கைக்காசு. இதில் இன்னொரு சங்கடம், பல மானியங்களில் முதலில் நீ செலவு செய், ரசீது கொண்டு வா, அப்புறம் கணக்கில் பணம் ஏறும் என்கிறார்கள். முதலில் செலவு செய்யப் பணம் யாரிடம் வாங்குவது? மேல்காட்டுக்காரரிடம்தான் வட்டிக்கு வாங்க வேண்டும். மானியம் வருவதற்குள் வட்டி மானியத்தைத் தின்றுவிடும்.

சரி, இதற்கெல்லாம் என்ன ஆவணம் கேட்கிறார்கள்? பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், சிறு குறு விவசாயிச் சான்று, சாதிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு உங்கள் பேரிலேயே பட்டா இருக்கிறது? கையைத் தூக்குங்க. பார்த்தீங்களா. பட்டா இருந்தால் அது தாத்தா பேரில். தாத்தா செத்து நாற்பது வருசம். வாரிசு பதினெட்டுப் பேர், பாதிப் பேர் பெங்களூரில். இல்லையென்றால் கூட்டுப் பட்டா. இல்லையென்றால் மூன்று தலைமுறை உழுது பி-மெமோ ரசீது மட்டும் கையில். உழுகிறவன் நீ, ஆனால் காகிதத்தில் நீ ஆக்கிரமிப்பாளன்.

இந்த மாவட்டத்தில் காகிதத்தைப் பற்றிப் பேசும்போது 2012 நவம்பர் 7-ஐ மறந்துவிட்டுப் பேச முடியாது. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. 200-க்கும் மேற்பட்ட வீடுகள். பெங்களூரிலும் வெளியூரிலும் உழைத்துச் சேர்த்த பொருளெல்லாம் ஒரே சாயங்காலத்தில் போனது. பெட்டியில் வைத்திருந்த சான்றிதழும் பத்திரமும் சேர்ந்துதான் எரிந்தது. காகிதத்தைக் கேட்கிற அரசாங்கம், அந்தக் காகிதம் எரிகிறபோது எங்கே இருந்தது என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

இன்னும் பின்னால் போனால் 1892. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற பஞ்சமி நிலம். பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதற்கப்புறம் விற்றாலும் நம்மவர்களுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலம் இன்றைக்கு யார் கையில் இருக்கிறது என்று காலையில் தோழர்கள் விரிவாகச் சொன்னார்கள். நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நிலத்தைப் பறிகொடுத்தவன் அதோடு கிணற்றைப் பறிகொடுத்தான், கிணற்றோடு மின் இணைப்பை, மின் இணைப்போடு இலவச மின்சாரத்தை. 1990-லிருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். நல்ல திட்டம். ஆனால் மோட்டார் வைத்திருக்கிறவனுக்குத்தானே அது இலவசம்? அதேபோலத்தான் குழாயும். நிலத்தின் பின்னால்தான் இந்த மானியம் எல்லாம் போகும்.

அரசிடம் பணம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பாருங்கள். 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள், 2013-ல் திறந்தார்கள். 1,928 கோடி ரூபாய் மதிப்பீடு. ஜப்பான்காரனிடம் கடன் வாங்கினார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணியில் புளோரைடு, பல் கறை, எலும்பு வளைவு என்று இந்த மாவட்டமே தவித்தது, அதற்காக. காவிரித் தண்ணி குழாயில் மலை மேடு ஏறி வந்தது. வேண்டும் என்று நினைத்தால் பணமும் வரும், குழாயும் மலை ஏறும். அந்தக் குழாய்த் தண்ணி காலனியின் கடைசித் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது காவிரி உபரி நீரை ஏற்றி இந்த மாவட்டத்து ஏரிகளை ரொப்ப வேண்டும் என்று கோரிக்கை. 2022 ஆகஸ்டில் பாட்டாளி மக்கள் கட்சி நடைபயணம் போனது, 2024 அக்டோபர் 4 அன்று அரை நாள் கடையடைப்பும் நடத்தியது. கோரிக்கை நியாயமானது, நமக்கும் வேண்டும். ஆனால் ஏரி ரொம்பினால் போதுமா? ஏரியிலிருந்து தண்ணி எந்த மடை வழியாக, யார் திறந்து, யாருக்குப் போகும் என்ற கேள்வியை எந்தக் கட்சியும் பேசவில்லை. அதை நாம்தான் பேச வேண்டும்.

நமக்கென்று பணம் இல்லையா? இருக்கிறது. 1979-லிருந்து சிறப்பு உட்கூறுத் திட்டம் என்று இருக்கிறது. மக்கள் தொகையில் நம்ம பங்கு எவ்வளவோ, திட்டப் பணத்தில் அவ்வளவு நமக்காகச் செலவாக வேண்டும். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்புப்படி நாம் 20 விழுக்காடு. ஆனால் கணக்கு எழுதுகிற விதத்தில்தான் வித்தை இருக்கிறது. ஊர் முழுக்கப் போகிற சாலை காலனி ஓரமாக நூறடி போனால், அதில் ஒரு பங்கை நம்ம கணக்கில் எழுதிவிட முடிகிறது. அதனால்தான் சட்டம் வேண்டும் என்று இயக்கங்கள் பல ஆண்டு கேட்டன. 2024-ல்தான் தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. இப்போது சட்டம் இருக்கிறது. நாளைக்கு ஒரு குழாய்த் திட்டம் நம்ம கணக்கில் எழுதப்பட்டால், குழாயின் வாய் யார் நிலத்தில் திறக்கிறது என்று கேட்க வேண்டும். காலனி வழியாகப் போகிற குழாய் வேறு, காலனிக்கு வருகிற குழாய் வேறு.

சட்டம் வந்துவிட்டதால் தண்ணி வந்துவிடாது என்பதற்கும் நமக்குப் பாடம் இருக்கிறது. பொதுக் குளங்களில் தீண்டப்படாதவர்களும் தண்ணி எடுக்கலாம் என்று பம்பாய் சட்ட மேலவையில் 1923-லேயே தீர்மானம் வந்தது. மகத் நகராட்சி தன்னுடைய சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924-ல் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தே கிடந்தது, ஒருத்தரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய்க் குனிந்து தண்ணி அள்ளினார். திரும்பி வந்தவர்களை அடித்தார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள், வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆனது. தீர்மானம் தண்ணியைக் கொடுக்கவில்லை, நடந்துபோனதுதான் கொடுத்தது. இன்னொன்றையும் சேர்த்து நினைவில் வையுங்கள். 1942-லிருந்து 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், பாசனத்தையும் மின்சாரத்தையும் கையில் வைத்திருந்தார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் அவர் காலத்தில் உருவானது. குளத்தில் தண்ணி அள்ளியவர்தான் அணைத் திட்டத்தையும் உட்கார்ந்து படித்தார். குழாய், வால்வு, மதிப்பீடு இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்ட தம்பிக்கு இதுதான் பதில்.

சரி, எங்கள் ஊரில் என்ன முடிவு செய்தோம்? குழாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றால் ‘முன்னேற்றத்தைத் தடுக்கிறார்கள்’ என்று நம்ம மேலேயே பழி வரும். நிபந்தனை போட்டோம். ஆண்களும் பெண்களுமாகக் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

முதல் நிபந்தனை, வாய்க்கால் புறம்போக்கை மூடுவதற்கு முன்னால் அளந்து கல் நட வேண்டும். குழாய் மண்ணுக்கு அடியில் போகட்டும், மேலே பாதை இருக்கட்டும். அந்தப் பாதை எங்கள் சுடுகாட்டுப் பாதை என்று வருவாய்க் கணக்கில் ஏற வேண்டும். இது ஆயாவுடைய நிபந்தனை. இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

இரண்டாவது, குழாய் வேலை கடைமடையிலிருந்து தொடங்க வேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் பாதி வழியில் பணம் தீர்ந்துவிட்டது என்பார்கள். கீழேயிருந்து தொடங்கினால் மேலே இருக்கிறவர்களே ஆபீசுக்கு நடந்து மிச்சப் பணத்தை வாங்கிவிடுவார்கள்.

மூன்றாவது, வால்வுச் சாவி. மண் வாய்க்காலில் திருட்டுக்கு ராத்திரி விழித்திருக்க வேண்டும். குழாயில் ஒரு சாவி போதும். யார் கையில் சாவியோ அவன் கையில் தண்ணி. அதனால் முறை நாள் எழுதி ஒட்டப்பட வேண்டும், சாவி முறை வைத்து மாற வேண்டும், அதில் காலனிப் பெண்களும் இருக்க வேண்டும். தண்ணி திறக்கிற வேலையை மட்டும் நம்மிடம் கொடுத்துவிட்டு, திறக்கிற நேரத்தை அவர்கள் முடிவு செய்கிற பழைய நீர்க்கட்டி முறை திரும்ப வரக் கூடாது.

நான்காவது, வாய்க்காலை நம்பி இருக்கிற நிலமில்லாதவர்கள். கரைப் புல்லில்தான் ஆடு மேய்கிறது. கிளுவை, புங்கன் விறகு அங்கேதான். துணி துவைக்கிறது அங்கே. வாய்க்கால் கசிவில்தான் காலனிக் கிணறு ஊறுகிறது. ‘வீணாகிறது’ என்று பொறியாளர் எழுதுகிற தண்ணியில் ஒரு பங்கு எங்கள் கிணற்றில் இருக்கிறது. ஆகவே தண்ணித் தொட்டி ஒன்றும், கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு திறப்பும் மதிப்பீட்டிலேயே சேர வேண்டும்.

ஐந்தாவது, தனி மானியத்தில் தூரத்துக்கு ஏற்ப நீளம் கணக்கிட வேண்டும், ஏக்கருக்கு ஏற்ப அல்ல. பணம் முன்னால் வர வேண்டும். வாரிசுப் பட்டா மாற்றத்துக்குக் காலனியிலேயே முகாம் போட வேண்டும். பி-மெமோவில் உழுகிறவர்களுடைய அனுபவத்தை ஏற்க வேண்டும்.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஊரில் இரண்டு பேர் ‘பொணம் போற வழிக்காகத் தண்ணிய நிறுத்துறானுங்க’ என்று பேசுகிறார்கள். பேசட்டும். பிணம் போக வழியில்லாத ஊரில் தண்ணி மட்டும் எப்படி நமக்கு வந்துவிடும்?

நீங்கள் ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வாய்க்காலின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். புல வரைபடம் வாங்குங்கள். அகலம் எவ்வளவு என்று காகிதத்தில் பார்த்துவிட்டு, கயிறு எடுத்துப் போய் நேரில் அளந்து பாருங்கள். எத்தனை அடி குறைகிறது, எந்தக் காட்டுக்குள் போயிருக்கிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு வாருங்கள். அளக்கப் போகிறபோது தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். வயசானவங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கரை எங்கே இருந்தது என்று அவங்களுக்குத்தான் தெரியும்.

ஜெய்பீம்.